தாடை மூட்டு வலிக்கு ஸ்பிளிண்ட்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதைத் தொடவே கூடாது

காதுக்கு முன்னால் வலி. காலையில் எழும்போது கன்னம் இறுகிக் கிடக்கும். கொட்டாவி விட்டால் ‘டக்’கென்று ஒரு சத்தம். இந்தத் தொல்லைகளோடு பல் டாக்டரிடம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது ஸ்பிளிண்ட், அதாவது பற்களின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை. நைட் கார்டு என்றும் சொல்வார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒன்று கிடைக்கிறது. கிளினிக்கில் அதே பெயரில் இருப்பதற்குப் பல ஆயிரம் கேட்கிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்தான். விலை வித்தியாசத்தில் பொருளின் பங்கு கொஞ்சம். வாயில் வைத்து, கடிக்கச் சொல்லி, தேய்த்து, மறுபடி கடிக்கச் சொல்லும் வேலையின் பங்குதான் மிச்சமெல்லாம். அந்த வேலையைச் செய்யாத கிளினிக்கில் பல ஆயிரம் கொடுத்தாலும் வீண்.

வாங்குவதென்றால் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஒரு தாடையின் பற்கள் அத்தனையையும் மூடுகிற, கடிக்கும் பரப்பு தட்டையாக உள்ள, கடினமான அக்ரிலிக் ஸ்பிளிண்ட். இரவில் மட்டும் போடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டும் ஆஷும் உருவாக்கியதால் அதற்கு மிச்சிகன் ஸ்பிளிண்ட் என்று பெயர் நிலைத்துவிட்டது. மற்ற வகைகள் சிலருக்கு, சில காலத்துக்கு மட்டும் பொருந்தும். சில வகைகள் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பிரிட்டனின் தேசிய சுகாதார ஆய்வு அமைப்புக்காக 2020-இல் வெளியான தொகுப்பாய்வு, ஸ்பிளிண்ட் தாடை வலியைக் குறைக்கிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று முடித்தது. 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்குப் பயிற்சி, தசையை நீவித் தளர்த்தும் பிசியோதெரபி, மனநல அணுகுமுறை சார்ந்த சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் ஸ்பிளிண்டை நிபந்தனையோடு ‘வேண்டாம்’ பக்கம் வைத்தது. கடியையே நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளிண்டுகளை அடியோடு கூடாது என்றது. இதைச் சொல்லாமல் ஸ்பிளிண்ட் விற்கும் கிளினிக்கில் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

பிறகு ஏன் வாங்க வேண்டும்? தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேய்வதையும் ஃபில்லிங், கேப் உடைவதையும் அது தடுக்கிறது; இதில் பெரிய தகராறு இல்லை. காலை வலி சிலருக்குக் குறைகிறது. பல்லைத் தேய்க்காமல், வெட்டாமல் செய்வதால், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். இந்த மூன்றுக்குத்தான் பணம். பல் கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது. முதல் சில நாட்கள் தசையின் வேலை குறையும், பிறகு பலருக்குப் பழைய நிலைக்கே திரும்பும். சில மாதம் போட்ட ஸ்பிளிண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தேய்மானக் கோடுகள் தெரியும்; பல்லில் விழ வேண்டியவை அவை.

யாருக்குப் பயன்படும் என்பதற்கு எளிய சோதனை, வலி எந்த நேரத்தில் அதிகம் என்று கவனிப்பது. காலையில் அதிகமாகி, பத்து மணிக்குள் தளர்ந்துவிட்டால் இரவில் பல் கடிப்பதைச் சந்தேகிக்கலாம். இரவு ஸ்பிளிண்டுக்கு வேலை இருக்கிறது. காலையில் சும்மா இருந்து மாலை ஆக ஆக ஏறினால், பகலில் கணினி முன்னாலோ வண்டி ஓட்டும்போதோ பல்லை இறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு இரவு ஸ்பிளிண்ட் பெரிதாக உதவாது. வலியே இல்லாமல் வெறும் ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் எதுவும் வாங்க வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி இடத்துக்கு வரும் சத்தம் அது. பலருக்கும் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். சத்தம் திடீரென்று நின்று, அதோடு வாயும் முழுதாகத் திறக்காமல் போனால் கதை வேறு. மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் நுழைக்க முடிய வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் தட்டு சிக்கியிருக்கலாம். ஸ்பிளிண்டுக்கு முன் முறையான பரிசோதனை வேண்டும்.

இனி வகைகள். வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் ரகம்தான் ஆன்லைனில் அதிகம் விற்பது. தாடை வலிக்கு இதை வாங்காதீர்கள். இளகிய பிளாஸ்டிக்கைக் கடிக்கும்போது பல் பதிந்து குழி விழும்; தாடை அந்தக் குழியிலேயே பூட்டிக்கொள்ளும். கடிக்கும் நேரத்தில் தாடை அரை மில்லிமீட்டர் கோணலாக இருந்தால், அந்தக் கோணலில்தான் இரவு முழுவதும் இருக்கும். எவ்வளவு அழுத்திக் கடித்தோம் என்பதைப் பொறுத்துக் கனம் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடாது. கடைசிக் கடவாய்ப்பல் வரை நீளம் எட்டாத ரகங்கள் இன்னும் மோசம். வெளியே விடப்பட்ட பல்லுக்கு எதிரில் எதுவும் தொடாததால் மாதக்கணக்கில் அது மெல்ல மேலெழும்பும். பிறகு ஸ்பிளிண்டைக் கழற்றினாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. விளையாட்டுக்கான மவுத் கார்டும் இதற்கு மாற்றில்லை. அடி தாங்குவதற்காகத் தடிமனாகச் செய்தது அது.

மென்மையான ஸ்பிளிண்ட் கிளினிக்கிலும் கிடைக்கும். வாயில் அளவெடுத்து, ரப்பர் போன்ற ஷீட்டைச் சூடாக்கி மாடலின் மேல் உறிஞ்சிப் படியவைத்துச் செய்வார்கள். போட்டதும் சுகமாக இருக்கும், விலையும் குறைவு. சிக்கல், அதை மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவதுதான். 1987-இல் ஓக்கசன் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் பத்துப் பேரிடம் இரவுத் தசை இயக்கத்தை அளந்து பார்த்ததில், கடின ஸ்பிளிண்ட் எட்டுப் பேருக்கு அதைக் குறைத்தது. மென்மையானது ஐந்து பேருக்குக் கூட்டியது, ஒருவருக்கு மட்டும் குறைத்தது. சின்ன ஆய்வுதான் என்றாலும் கிளினிக் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. இதற்கு இன்னொரு குறையும் உண்டு: தேய்க்கும் கருவியைக் கொண்டுபோனால் ரப்பர் நார் நாராகப் பிய்யும், கடியை நுணுக்கமாகத் திருத்த முடியாது. ஆறு மாதம், ஒரு வருடத்தில் பின்பக்கம் ஓட்டை விழும். சில வாரங்களுக்குத் தற்காலிகமாகப் போடலாம், அவ்வளவே.

கடின அக்ரிலிக் ஸ்பிளிண்டுக்கு வருவோம். இதில் தப்பு நடக்கும் இடங்கள் பல. அவை தெரிந்தால் கிளினிக்கில் சரியான கேள்வி கேட்கலாம்.

முதலில் இரண்டு தாடைக்கும் அளவு. அல்ஜினேட் பசையிலோ ஸ்கேனரிலோ. பல்லின் கடிபரப்பில் ஒரு காற்றுக் குமிழ் விழுந்தால், பிளாஸ்டர் மாடலில் அது ஒரு பருவாக வரும், அந்த மாடலை வைத்துச் செய்யும் ஸ்பிளிண்டின் கடி தப்பிப்போகும். அல்ஜினேட்டை எடுத்துவைத்துவிட்டு மாலையில் பிளாஸ்டர் ஊற்றினால் அதற்குள் அது சுருங்கியிருக்கும். உடனே ஊற்ற வேண்டும். அடுத்தது கடிப்பதிவு, அதாவது இரண்டு தாடையும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்பதைப் பதிவெடுப்பது. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். பற்கள் முழுதாகச் சேர்ந்த நிலையில் பதிவு எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டால், அங்கே டெக்னீஷியன், மாடல்களை மாட்டிக் கடியைப் பார்க்கும் கருவியின் முன்கம்பியைத் தூக்கி ஸ்பிளிண்டுக்கு இடம் உண்டாக்குவார். அந்தக் கருவியின் கீல் அச்சும் உங்கள் மூட்டின் அச்சும் ஒன்றல்ல. தூக்கும்போது வளைவு மாறிப்போகும். விளைவு, வாயில் வைத்ததும் கடைசிக் கடவாய்ப்பல் மட்டும் முட்டும். முன்பற்களுக்கு நடுவில் சின்னக் கட்டை வைத்து, ஸ்பிளிண்டின் கனத்துக்கே தாடையைத் திறந்துவைத்துப் பதிவெடுப்பதுதான் சரி. முன்னால் 3 முதல் 4 மி.மீ. இடைவெளி விட்டால் பின்னால் 1.5 முதல் 2 மி.மீ. கிடைக்கும். அதைவிட மெல்லிதாக இருந்தால் பல் கடிப்பவர் ஓட்டை போட்டுவிடுவார். ரொம்பத் தடிமனானால் உதடு மூடாது, வாய் உலரும், ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

லேபில் இரண்டு வழி. மெழுகில் வடிவமைத்து, வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக்கில் வார்ப்பது ஒன்று. 2 மி.மீ. கடின ஷீட்டை அழுத்தத்தில் படியவைத்து, அதன் மேல் தானாக இறுகும் அக்ரிலிக்கைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது சீக்கிரம் முடியும். ஆனால் இறுகாமல் மிஞ்சும் மூல ரசாயனம் (மானோமர்) கூடுதலாகத் தங்கும். ஈறோ உதட்டின் உட்புறமோ எரிந்தால், அல்லது பெயிண்ட் மாதிரி வாடை போகாமல் இருந்தால், காரணம் அதுவாக இருக்கலாம். பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பொருத்தும் நாளில் விரலால் அழுத்தினால் போய் உட்கார வேண்டும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கக் கூடாது. நாக்கால் தள்ளினால் கழன்று வரக் கூடாது. முதல் சில நிமிடம் இறுக்கம் இருந்து தணிந்தால் சரி. ஒரே ஒரு பல் மட்டும் தொடர்ந்து வலித்தால் அந்த இடத்தின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் மேற்பரப்பை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை, மறுபடி அளவெடுக்கத்தான் வேண்டும். இதைச் சில இடங்களில் ‘போகப் போகச் சரியாகிடும்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆகாது.

பிறகுதான் கடி திருத்தம். நீல நிற மார்க்கிங் பேப்பரை வைத்து நேராகக் கடிக்கச் சொன்னால், கீழ்க் கடவாய்ப்பற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். முன்பற்களில் கொஞ்சம் லேசாக. புள்ளி விழும் பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், குழியாக இருந்தால் தாடை சிக்கிக்கொள்ளும். சிவப்புப் பேப்பரை வைத்துத் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கோடு விழ வேண்டும். கடவாய்ப்பல் பகுதியில் சிவப்புக் கீறல் தெரிந்தால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். முன்னால் தள்ளும்போதும் அப்படியே. கடைசியில் ஷிம்ஸ்டாக் என்ற மிக மெல்லிய (8 மைக்ரான்) தாளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். கடித்தால் அது பிடிபட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: நாற்காலியில் சாய்ந்த நிலையில் தாடை சற்றுப் பின்னால் போகும், அதனால் நிமிர்ந்து உட்காரவைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாயில் மாட்டி, ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பினால் பாதி வேலை நடக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி போக வேண்டும், பிறகு இரண்டு மூன்று வார இடைவெளியில். இறுகியிருந்த தசை தளரத் தளரத் தாடை நிற்கும் இடம் மாறும். முதல் நாள் சமமாக விழுந்த புள்ளிகள் இப்போது ஒரு பக்கம் கனமாக விழும். திருத்தாமல் விட்டால் அந்தப் பக்கத் தசை மறுபடி இறுகும், ‘ஸ்பிளிண்ட் போட்டதில் இருந்துதான் வலி அதிகம்’ என்ற புகார் வரும். அடுத்தடுத்த இரண்டு வருகைகளில் புள்ளிகள் மாறாமல் இருந்தால் நிலைபெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு வாரமாகியும் வலியில் அசைவே இல்லை என்றால் புதிய ஸ்பிளிண்ட் செய்யச் சொல்லாதீர்கள்; நோயறிதலை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மேல்தாடையா, கீழ்த்தாடையா? மேலே போட்டால் நிலையாக நிற்கும், பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பல் மட்டும் தொடும் அமைப்பை நன்றாகக் கொடுக்கலாம். குமட்டல் உள்ளவர்களுக்கும், பகலில் சிறிது நேரம் போட்டுப் பேச வேண்டியவர்களுக்கும் கீழ் ஸ்பிளிண்ட் வசதி. வலிக்கு இரண்டிலும் வித்தியாசம் பெரிதில்லை.

உள்ளே மென்மை, வெளியே கடினம் என்ற இரண்டு அடுக்கு ஷீட்டில் செய்வதும் உண்டு. எர்கோடென்ட் நிறுவனத்தின் எர்கோலாக் ப்ரோ அந்த வகை. போட இதமானது, வெளிப்பரப்பு கடினம் என்பதால் ஓரளவு திருத்தலாம். அடுக்குகள் ஓரத்தில் பிரியத் தொடங்கினால் அங்கே அழுக்கு சேரும், அதோடு அதன் ஆயுள் முடிந்தது. கணினியில் வடிவமைத்து அக்ரிலிக் வட்டிலிருந்து கடைந்தெடுப்பது, வசதி உள்ளவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். தொழிற்சாலையிலேயே இறுகிய பொருள் என்பதால் மானோமர் தொல்லை குறைவு, உறுதியானது, தொலைந்தால் அதே கோப்பில் இன்னொன்று கடையலாம். 3டி பிரிண்ட் செய்தது மலிவாகவும் வேகமாகவும் வரும். அச்சடித்த பின் ஆல்கஹாலில் கழுவி, ஒளியில் இறுக வைக்கும் கட்டத்தில் அவசரப்பட்டால் கசப்பும் எரிச்சலும் வரும், சீக்கிரம் விரிசல் விடும். கீஸ்பிளிண்ட் சாஃப்ட் மாதிரியான நெகிழும் ரெசினில் அடித்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டிவிட்டுப் போட்டால் எளிதாக உட்காரும். எந்த முறையில் செய்தாலும் வாயில் பேப்பர் வைத்துத் திருத்தும் வேலை மிச்சமாகாது. ‘ஸ்கேன் பண்ணிட்டோம், அட்ஜஸ்ட்மென்ட் தேவையில்லை’ என்பது விளம்பரம்.

முன்பற்களில் மட்டும் மாட்டும் சின்ன ஸ்பிளிண்டுகளில் என்.டி.ஐ. என்ற பெயர் பிரபலம். கடவாய்ப்பற்கள் எதையும் தொடாததால் இறுக்கிக் கடிக்கும் விசை உடனே குறையும், தசைவலிக்கு நல்ல ஆறுதல் தரும். ஆனால் பின்னால் தாங்கல் இல்லாததால் சுமை மூட்டுக்குப் போகிறது. மூட்டிலேயே வலி உள்ளவருக்கு இது நேர்மாறான பலனைத் தரலாம். நீண்ட நாள் போட்டால் முன்பல் உள்ளே அமிழும், பின்பல் எழும்பும், கடி திறந்துகொள்ளும். அளவு சிறியது என்பதால் தூக்கத்தில் கழன்றால் தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. தசை கடுமையாக வலிக்கும்போது சில வாரம், கண்காணிப்போடு என்றால் சரி.

தாடையை முன்னால் இழுத்துப் பிடித்து, நழுவிய தட்டை ‘மறுபடி இடத்தில் வைக்கும்’ ஸ்பிளிண்டை வாங்காதீர்கள். போட்டிருக்கும்போது சத்தம் மாயமாகும், அதுதான் கவர்ச்சி. நாள் முழுவதும் மாதக்கணக்கில் போட்டால் கடவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். பிறகு அதைச் சரிசெய்யக் கிளிப் போட வேண்டும், வரிசையாகக் கேப் போட வேண்டும் என்று செலவு லட்சத்தை நோக்கிப் போகும். பி.எம்.ஜே. வழிகாட்டுதல் கூடாது என்று சொன்ன வகையில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

போட ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டியவை. முதல் சில இரவு எச்சில் ஊறும், பழகிவிடும். காலையில் கழற்றியதும் கடி மாறியதுபோல் தோன்றி, அரை மணிக்குள் சரியானால் பயமில்லை. மதியச் சாப்பாடு வரை நீடித்தால் போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். குறட்டை பலமாக உள்ளவர்கள், மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மேல்தாடை ஸ்பிளிண்ட் சிலருக்கு மூச்சுத் தடையை அதிகப்படுத்தும். மன அழுத்தத்துக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை எடுப்பவர்களுக்குப் பல் கடிப்பது பக்கவிளைவாகவும் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

சுத்தம் செய்யக் குளிர்ந்த தண்ணீர், மென்மையான பிரஷ், இரண்டு சொட்டு திரவ சோப்பு போதும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் கிருமி தங்கும். வெந்நீரில் போட்டால் வளையும். வெயிலில் நிற்கும் காரில் வைத்தாலும் அதே கதி. போர் தண்ணீர் உள்ள ஊர்களில் வெள்ளையாக உப்பு படியும். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். வீட்டில் நாய் இருந்தால் டப்பாவில் போட்டு மூடிவையுங்கள், எச்சில் வாடைக்கு எடுத்துக் கடித்துக் குதறும். உடைந்தால் ஃபெவிக்விக் வைத்து ஒட்டாதீர்கள். புதிதாக ஃபில்லிங்கோ கேப்போ போடப் போகும்போது ஸ்பிளிண்டையும் கொண்டுபோங்கள். பல்லின் வடிவம் மாறியதும் பழையது உட்காராது, டாக்டர் அங்கேயே உட்புறத்தைத் தேய்த்துப் பொருத்திவிடலாம்.

ஸ்பிளிண்டோடு சேர்த்துச் செய்யாவிட்டால் பாதிப் பலன்கூட வராத விஷயங்கள் உண்டு, அவற்றுக்குக் காசும் இல்லை. பகலில் உதடு மூடியிருக்க, பற்கள் பிரிந்திருக்க வேண்டும். ‘ன’ என்று சொல்லும்போது நாக்கு நுனி படும் இடத்தில் நாக்கை ஓய்வாக வைத்தால் பல் தானாகப் பிரியும். நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு ஆறு முறை மெதுவாக வாயைத் திறந்து மூடுவது, ஒரு நாளில் ஆறு தடவை. கன்னத்துக்கு ஈரமான வெந்நீர்த் துணி ஒத்தடம், பதினைந்து இருபது நிமிடம். வலி உள்ள வாரங்களில் முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய், சூயிங்கம் கிடையாது. கொய்யாவை நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். கொட்டாவி வந்தால் முஷ்டியைத் தாடைக்கு அடியில் கொடுத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். கடிப்பதிவு ஸ்பிளிண்டின் கனத்திலேயே எடுப்பீர்களா? சொன்ன தொகையில் எத்தனை திருத்த வருகைகள் அடக்கம்? கடைசிக் கடவாய்ப்பல் வரை மூடுமா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான எண் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரி மருத்துவமனைகளிலும் செலவு கிளினிக்கைவிடக் குறைவு. முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நாற்காலியில் அதிக நேரம் உட்கார வேண்டியிருக்கும். இந்த வேலைக்கு அந்த நேரம் நல்லதுதான்.

ஸ்பிளிண்ட் பக்கமே போகாமல் நேராக மருத்துவரிடம் ஓட வேண்டிய தாடை வலிகளும் உண்டு. மாடி ஏறும்போது மட்டும் வந்து, உட்கார்ந்தால் போகிற வலி இதயத்திலிருந்து வரலாம். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைத்து வலிப்பது, தலை வாரினால் உச்சியில் நோவது ஆகியவை சேர்ந்து வந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். தாமதித்தால் பார்வை போகும் நோய் அது, அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலோடு கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் போனாலும் அப்படியே.